065 ஏன் 53 ஆகிறது?

மட்டக்களப்பின் தொலைபேசிக் குறியீடு 065. அதை சி என்ற நிரல் மொழியில் ஒரு முழு எண் மாறிக்குள் அப்படியே போட்டுவிட்டுத் திரையில் காட்டச் சொன்னால் 53 என்று வரும். கல்முனையின் 067 போட்டால் 55. அம்பாறையின் 063 போட்டால் 51. கொழும்பு 011 வெறும் 9, யாழ்ப்பாணத்தின் 021 வந்து 17. கண்டிக்கு மட்டும் கதை வேறு. 081 என்று எழுதினால் நிரல் கொம்பைல் ஆகவே ஆகாது, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாறாது.

சுழியத்தில் தொடங்கும் எந்த எண்ணையும் சி மொழி எட்டை அடியாகக் கொண்ட எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். ஆறு எட்டு நாற்பத்தெட்டு, அதோடு ஐந்து, ஐம்பத்து மூன்று. அந்த முறையில் 8 என்ற இலக்கமே இல்லை, அதனால்தான் 081 பிழையாகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கெர்னிகனும் ரிச்சியும் 1978இல் எழுதிய சி மொழி நூலின் முதற்பதிப்பில் 8, 9 இரண்டையும் எட்டடி எண்ணுக்குள் அனுமதித்திருந்தார்கள். அந்தக் காலத்துக் கொம்பைலரில் 081 என்று எழுதியிருந்தால் எட்டெட்டு அறுபத்து நான்கும் ஒன்றுமாக 65 வந்திருக்கும். மட்டக்களப்பு 53 ஆகப் போக, கண்டி 65 ஆகியிருக்கும்!

இந்த வழக்கம் சி மொழிக்குச் சொந்தமானதுகூட இல்லை. அதற்கு முந்திய பி மொழியிலிருந்து வந்தது. கென் தொம்சன் பி மொழியை முதலில் எழுதியது பிடிபி-7 என்ற இயந்திரத்துக்கு. அதன் ஒரு 'சொல்', அதாவது அது ஒரே தடவையில் கையாளும் எண், 18 பிட். மூன்று மூன்று பிட்டாகப் பிரித்தால் சரியாக ஆறு எட்டடி இலக்கங்கள். அவர்களுக்கு நாள் முழுக்க எட்டடியில்தான் வேலை, ஒரு சுழியத்தை முன்னால் போடுவது போதுமான அடையாளமாக இருந்தது. பெல் ஆய்வுகூடத்தில் 1972 அளவில் டென்னிஸ் ரிச்சி அதை சி ஆக வளர்த்தபோது சுழியமும் கூடவே வந்துவிட்டது. இப்போது எட்டடி எண்ணை யாரும் அநேகமாகத் தொடுவதில்லை, யுனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்புகளுக்கு அனுமதி கொடுக்கும் இடத்தைத் தவிர. ஆனால் சுழியத்தில் தொடங்கும் தொலைபேசி எண் இலங்கையில் எல்லோரிடமும் இருக்கிறது.

இதற்குக் கொம்பைலர் எச்சரிக்கைகூடத் தருவதில்லை. 8ஓ 9ஓ இல்லாத எண்ணாக இருந்தால் சத்தமின்றி விழுங்கிவிடும். தொலைபேசி எண்ணை எண்ணாக வைக்கவே கூடாது, எழுத்துச் சரமாகத்தான் வைக்க வேண்டும். அதைக் கூட்டிப் பெருக்கப் போகிறவர் யார்? விசைப்பலகையிலிருந்து வாசிக்கும்போதும் இதே கண்ணி உண்டு. ஸ்கேன்எஃப் பங்ஷனுக்குச் சதவீதக் குறியோடு 'டி' கொடுத்தால் 065 என்பது 65 ஆக வரும். 'ஐ' கொடுத்தால் 53.

என்னிடம் சி படிக்க வருகிற இரண்டு பேருக்கு முதலில் காட்டுவது இந்த 065தான். ஒருவன் கல்முனையிலிருந்து வரும் அக்காவின் மகன். மற்றவள் கல்லடியில் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கும் தங்கச்சி, வந்தாறுமூலையில் கெம்பஸ் படிக்கிறாள். இருவருமே உயர்தரத்தில் பைதன் படித்துவிட்டு வந்தவர்கள். பைதன் 065 என்று எழுதவே விடாது, அந்த இடத்திலேயே நிறுத்திச் சண்டை பிடிக்கும். சி சண்டை பிடிக்காது. நீ சொன்னால் சரி என்று போய்விடும். என்னைப் பொறுத்தவரை சி படிப்பதில் பாதி வேலை, அது வாய் திறக்காமல் விடுகிற இடங்கள் எவை என்று தெரிந்துகொள்வதுதான். பாடநூலில் வரும் எடுத்துக்காட்டுகள் அந்த இடங்களைத் தொடுவதில்லை, ஏனென்றால் அவற்றில் வருவது ஆங்கிலப் பெயரும் சின்னச் சின்ன எண்ணும். நம்முடைய ஊர்ப் பெயரையும் போன் நம்பரையும் கொடுத்துப் பாருங்கள், முதல் நாளே எல்லாம் வெளியே வந்துவிடும்.

சில விசித்திரங்களைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஒப்பிட == போட வேண்டிய இடத்தில் = போட்டால் ஒப்பீடு நடக்காமல் மதிப்பு மாறிவிடும் என்பது எல்லா நூலிலும் இருக்கிறது. இஃப் என்ற நிபந்தனையின் அடியில் ஒரே வரி இருந்தாலும் வளைவடைப்பு போடு என்பதும் அப்படித்தான். அதைப் போடாமல் ஒரே வரி இரண்டு தடவை பதிந்துபோனதால் 2014 பெப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் அவசரமாகப் பாதுகாப்புத் திருத்தம் வெளியிட வேண்டி வந்தது. பல வழிகளில் ஒன்றைத் தெரியும் சுவிட்ச் கட்டளைக்குள், வெளியேறச் சொல்லும் பிரேக் எதை விட்டு வெளியேறுகிறது என்று பார்க்காமல் விட்டதில் 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தொலைபேசி வலையமைப்பு சுமார் 9 மணி நேரம் படுத்துக்கிடந்தது. இவை எல்லாவற்றையும்விட முந்திய பழக்கம் ஒன்று இருக்கிறது: கொம்பைலரின் வாயைத் திறந்துவைப்பது. ஜிசிசியோ கிளாங்கோ, எதுவானாலும் எச்சரிக்கைகளைத் திறந்துவிடும் -டபிள்யூஆல், -டபிள்யூஎக்ஸ்ட்ரா இரண்டையும் கட்டளையில் சேர்க்காமல் ஒரு வரியும் கொம்பைல் செய்யக்கூடாது. அவை இல்லாவிட்டால் = குழப்பத்தைக்கூட ஜிசிசி சும்மா விட்டுவிடும். எச்சரிக்கை ஒன்று வந்தால் அதைத் தீர்க்கும்வரை அடுத்த வரி எழுதாதே என்பதும் என் வீட்டுச் சட்டம்.

இங்கே ஒரு மனக்குறையையும் கொட்டிவிடுகிறேன். இன்னமும் சில ரியூசன் வகுப்புகளில் டோஸ் என்ற பழைய இயங்குதளம் போல நடிக்கும் டோஸ்பாக்ஸுக்குள் டர்போ சி என்ற கொம்பைலரை ஓட்டித்தான் படிப்பிக்கிறார்கள். போர்லண்ட் நிறுவனம் டர்போ சியை வெளியிட்டது 1987இல். அந்த நாளில் அருமையான சாமான், மறுக்கவில்லை. ஆனால் அதில் படித்த பிள்ளை திரையைத் துடைக்க ஒரு பங்ஷன், விசை ஒன்றுக்குக் காத்திருக்க ஒரு பங்ஷன் என்று டோஸுக்கே உரியவற்றை சி மொழியின் பாகம் என்று நினைத்துக்கொண்டு வருகிறது. ஒரு வரியை வாசிக்க கெட்ஸ் பயன்படுத்துகிறது. எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்காமலே எழுதித் தள்ளும் பங்ஷன் அது. 1988 நவம்பரில் இணையத்தைத் தடுமாற வைத்த மொரிஸ் புழு என்ற தானாகப் பரவும் நிரல் உள்ளே நுழைந்த வழிகளில் அதுவும் ஒன்று. 2011ஆம் ஆண்டுத் தரநிர்ணயத்தில் அதை மொழியிலிருந்தே தூக்கிவிட்டார்கள். அதற்குப் பதில் எஃப்கெட்ஸ் இருக்கிறது, எத்தனை பைட் என்று கேட்டுத்தான் வாசிக்கும்.

அதைவிட மோசம் வினாத்தாள். தங்கச்சி கொண்டுவந்து காட்டிய ஒரு ரியூசன் தாளில், ஒரே வரியில் ஒரே மாறிக்கு முன்னாலும் பின்னாலும், அதன் மதிப்பை ஒன்றால் கூட்டும் ++ குறியைப் போட்டுக் கூட்டி, 'வெளியீடு யாது?' என்று கேட்டு நான்கு விடையும் கொடுத்திருந்தார்கள். நான்கில் எதுவும் சரியில்லை. ஒரு மாறியை ஒரே கோவையில் ஒழுங்கு வரையறுக்காமல் இரண்டு தடவை மாற்றினால் என்ன நடக்கும் என்று சி தரநிர்ணயம் சொல்லவில்லை. கொம்பைலர் என்னவும் செய்யலாம். அதற்கு விடை மனப்பாடம் செய்வது பிள்ளையின் நேரத்துக்குச் செய்கிற அநியாயம்.

சரி, தமிழுக்கு வருவோம். மட்டக்களப்பு என்ற பெயரை எழுத்தெழுத்தாக எண்ணினால் ம, ட், ட, க், க, ள, ப், பு. எட்டு எழுத்து. சி மொழியில் நீளம் கேட்கும் ஸ்ட்ர்லென்னிடம் கொடுத்தால் 36 என்கிறது.

"36ஆ? என்னகா இது?" என்று மருமகன் தங்கச்சியின் லெப்டொப்புக்குள் எட்டிப் பார்த்தான்.

யுனிகோடில் மெய்யின் புள்ளி தனிக் குறியீடு, உகரக் குறியும் தனிக் குறியீடு. மூன்று புள்ளி, ஒரு உகரக் குறி, எட்டு எழுத்தின் உடல்கள் என்று 12 குறியீடுகள். அவற்றைப் பைட்டாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். முடிவில் வரும் சுழியப் பைட்டையும் சேர்த்தால் 37 பைட் இடம் வேண்டும். அம்பாறை நான்கு எழுத்து, 7 குறியீடு, 21 பைட். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஒரு பைட் என்பதால் இந்த வேறுபாடு அங்கே கண்ணில் படுவதே இல்லை. சி மொழியின் ஸ்ட்ர்லென் எழுத்தை எண்ணுவதில்லை. சுழியம் வரும்வரை பைட்டை எண்ணுகிறது, அவ்வளவுதான்.

ஊர்ப் பெயருக்கு 20 பைட் போதும் என்று ஓர் அணி (நினைவகத்தில் அடுத்தடுத்த இடங்களின் வரிசை) ஒதுக்கி, அதற்குள் மட்டக்களப்பைப் போடச் சொன்னேன். எஸ்என்பிரிண்ட்எஃப் கொண்டு போட்டால் 19 பைட்டை நிரப்பி, கடைசியில் சுழியத்தை ஒழுங்காக வைத்துவிடும். 18 பைட்டில் ஆறு குறியீடு, அதாவது 'மட்டக்' வரை வரும். மிச்சமிருக்கும் ஒரு பைட் அடுத்த 'க'வின் மூன்றில் ஒரு துண்டு. திரையில் 'மட்டக்' என்பதற்குப் பக்கத்தில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி தெரிந்தது. ஸ்ட்ர்என்காப்பி கொண்டு போட்டால் இன்னும் மோசம். 20 பைட்டையும் நிரப்பிவிட்டுச் சுழியம் வைக்காமலே வந்துவிடும். பிறகு அச்சிடப் போனால் அணியைத் தாண்டிப் பக்கத்து நினைவகத்தையும் வாசித்துக்கொண்டே போகும், எங்காவது சுழியம் அகப்படும்வரை. பெயரில் பாதுகாப்பானது போலத் தோன்றும் அந்தப் பங்ஷனைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது.

வெட்டுவதென்றால் குறியீட்டின் எல்லையில் வெட்ட வேண்டும். யுடிஎஃப்-8 இதற்கு வழி வைத்திருக்கிறது. தொடர்ச்சிப் பைட் ஒவ்வொன்றும் 128 முதல் 191 வரைதான் இருக்கும். வெட்டுகிற இடத்தில் இருக்கும் பைட் தொடர்ச்சிப் பைட்டா என்று பார்த்து, அப்படியானால் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தால் போதும். இரண்டு எண்ணிலும் 1 ஆக இருக்கும் பிட்களை மட்டும் எடுக்கும் & குறியைக் கொண்டு தங்கச்சி அந்தச் சோதனையை இப்படி எழுதினாள்:

பைட் & 192 == 128

ஜிசிசி உடனே எச்சரிக்கை கொடுத்தது, அடைப்புக்குறி போடச் சொல்லி. சி மொழியில் == முதலில் நடக்கும், & பிறகுதான். அதனால் 192ஐயும் 128ஐயும் ஒப்பிட்டு, பொய் என்று 0 வந்து, எந்தப் பைட்டோடும் & செய்தாலும் 0தான். அந்தச் சோதனை ஒருபோதும் உண்மையாகாது. (பைட் & 192) == 128 என்று அடைப்புக்குறி போட்டால் சரியாகிவிடும்.

இந்த முன்னுரிமை ஒழுங்குக்கும் ஒரு கதை இருக்கிறது. பி மொழியிலும் ஆரம்பகால சி மொழியிலும், இரண்டு நிபந்தனையும் உண்மையா என்று கேட்கும் && என்ற குறியே இல்லை. இஃப் நிபந்தனையில் இரண்டு ஒப்பீடுகளை இணைக்கவும் &தான். அந்த வேலைக்கு == முதலில் நடப்பதே வசதி. பிறகு && வந்தபோது &ஐ மேலே ஏற்றியிருக்கலாம். ஏற்கனவே எழுதிவைத்த நிரல்கள் கெட்டுப்போகும் என்று ரிச்சி அப்படியே விட்டார். அன்றைக்கு இருந்த கொஞ்ச நிரல்களுக்காக விட்டது, இன்றைக்குக் கல்லடியில் ஒரு பிள்ளையை இடறுகிறது. பரவாயில்லை, எச்சரிக்கை வந்ததுதானே.

யுடிஎஃப்-8ஐ 1992இல் வடிவமைத்ததும் ரொப் பைக்கோடு சேர்ந்து அதே கென் தொம்சன்தான். வேறெந்த எழுத்தின் பைட்டுக்குள்ளும் சுழியம் வராதபடி அமைத்தார்கள். அதனால்தான் சுழியத்தில் முடியும் சி சரங்களுக்குள், தமிழே தெரியாத பழைய நிரல்களுக்குள்ளும், தமிழ் உடையாமல் போய்வருகிறது.

அடுத்த வேடிக்கைக்கு நான் ஒன்றும் செய்யவில்லை, தானாக வந்தது. தங்கச்சியிடம் லெப்டொப். மருமகன் போனில் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டுக் கிளாங்கில் ஓட்டுகிறான். இருவரும் பெயரின் முதல் பைட்டை எண்ணாக அச்சிட்டார்கள்.

"மாமா, எனக்கு 224 எண்டு வருது."

"எனக்கு மைனஸ் 32 அண்ணா. யார்ட பிழை?"

"ரெண்டும் சரிதான்," என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஓர் எழுத்தின் பைட்டை வைக்கும் கார் என்ற மாறி வகை எதிர்ம எண்ணைத் தாங்குமா, தாங்காதா என்பதை சி தரநிர்ணயம் கொம்பைலரிடமே விட்டுவிட்டது. இன்டெல் செயலியுள்ள லினக்ஸில் தாங்கும், ஆண்ட்ரொய்ட் போனின் ஆர்ம் செயலியில் தாங்காது. ஆங்கில எழுத்துகள் எல்லாம் 127க்குள் அடங்கிவிடுவதால் இது அவர்களுக்கு வெளியே தெரியாது. தமிழின் முதல் பைட் எப்போதும் 224, அதனால் நமக்கு முதல் எழுத்திலேயே தெரிந்துவிடும். இது வெறும் வேடிக்கையுமில்லை. எழுத்தா இலக்கமா என்று சோதிக்கும் இஸ்ஆல்ஃபா போன்ற பங்ஷன்களுக்கு எதிர்ம எண் போனால் என்னவும் நடக்கலாம். அவற்றுக்குக் கொடுக்குமுன் எதிர்மம் இல்லாத அன்சைன்ட் கார் ஆக மாற்றிக் கொடுப்பது நல்ல பழக்கம்.

அணியைப் பங்ஷனுக்கு அனுப்பினால் அது வெறும் நினைவக முகவரியாகச் சுருங்கிவிடும் என்பதையும் இதே நிரலில்தான் பார்த்தார்கள். வெளியே சைஸ்ஆஃப் கொண்டு அளவு கேட்டால் 20, உள்ளே கேட்டால் முகவரியின் அளவான 8. ஆகவே அணியை அனுப்பும் இடமெல்லாம் அளவையும் கூட அனுப்பு. இதோடு ஒட்டிய குறும்பு ஒன்று: அணி[3] என்பதை 3[அணி] என்று எழுதினாலும் சி ஏற்றுக்கொள்ளும், இரண்டுக்கும் பொருள் ஒரே கூட்டல்தான். தெரிந்து வைத்திருக்கலாம், எழுதக்கூடாது.

இந்தச் சின்ன எண் விளையாட்டு வயலுக்கும் வந்தது. படுவான்கரையில் வயல் செய்கிற கூட்டாளி ஒருவன், தண்ணீர் மட்டத்தைப் பார்த்துப் பம்பைப் போட்டு நிறுத்த ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்றைப் பூட்டியிருந்தான். அதில் எழுதுவது உண்மையில் சி++தான், ஆனால் எண் விதிகள் சி மொழியினுடையவை. ஒரு தடவை அளந்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இரு என்று 60 * 1000 மில்லி விநாடி கொடுத்திருந்தான். அது முதல் தடவை அளந்தது, பிறகு அசையவே இல்லை. சென்சர் பழுது என்று நினைத்து வேறொன்று வாங்கப் போனவனை நிறுத்தித்தான் நிரலைப் பார்த்தோம்.

அந்த ஊனோவில் முழு எண் 16 பிட். ஆகக் கூடியது 32767. 60உம் சின்ன எண், 1000உம் சின்ன எண், ஆகவே பெருக்கலும் அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே நடந்து, 60000 வர வேண்டிய இடத்தில் -5536 வந்தது. காத்திருக்கும் பங்ஷனோ எதிர்மம் இல்லாத 32 பிட் எண்ணை எதிர்பார்க்கிறது. அதற்கு -5536 என்பது 4294961760. மில்லி விநாடியில் அது 49 நாளுக்கும் மேல். மூன்று மாத நெல்லுக்கு அது பாதி வயது! இதில் விசித்திரம் என்னவென்றால், நேராக 60000 என்று எழுதியிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. எண் 16 பிட்டுக்குள் அடங்காது என்று கண்டு கொம்பைலரே பெரிய வகையை எடுத்திருக்கும். பெருக்கலாக எழுதும்போது எண்ணின் வாலில் யூ, எல் இரண்டையும் ஒட்டினால் போதும். கொம்பைலர் இதைச் சொல்லாமலும் விடாது, ஆனால் நிரல் எழுதும் ஆர்டுயினோ மென்பொருளின் அமைப்பில் எச்சரிக்கைகள் பொதுவாக அணைத்தே கிடக்கும். அமைப்புக்குள் போய் 'எல்லாம்' என்று மாற்றிவிட்டோம்.

லெப்டொப்பில் முழு எண் 32 பிட் என்பதால் இதே தவறு அங்கே நாள்கணக்காக மறைந்திருக்கும். எதிர்மம் தாங்கும் எண் நிரம்பி வழிவதை சி வரையறுக்காமல் விட்டிருக்கிறது. கொம்பைலர் 'அப்படி நடக்கவே நடக்காது' என்று எடுத்துக்கொண்டு நிரலைச் சுருக்கும். வழிகிறதா என்று பார்க்க அ + 1 < அ என்று நீங்கள் எழுதிய சோதனையையே தேவையற்றது என்று அகற்றிவிடவும் அதற்கு உரிமை உண்டு. இதைப் பிடிக்க, ஓடும்போதே காவல் இருக்கும் சானிடைசர்கள் ஜிசிசியிலும் கிளாங்கிலும் இருக்கின்றன. முகவரிக்கு ஒன்று, வரையறுக்கப்படாத நடத்தைக்கு ஒன்று. படிக்கிற காலத்தில் இரண்டையும் போட்டே ஓட்டச் சொல்கிறேன். நிரல் கொஞ்சம் மெதுவாகும், ஆனால் அணியைத் தாண்டிய அந்த நொடியே எந்த வரி என்று சொல்லி நிற்கும். எங்கோ தாண்டி, எங்கோ விழுந்து, இரவிரவாகத் தேடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இப்போது இருவரும் சேர்ந்து ஒரு தொலைபேசிப் பட்டியல் எழுதுகிறார்கள். எண்கள் சரமாக, பெயர்கள் தமிழில், வாசிப்பது எஃப்கெட்ஸ், கேட்டால் நினைவகம் ஒதுக்கித் தரும் மல்லாக் தந்த நினைவகத்தை யார் விடுவிப்பது என்று ஒவ்வொரு பங்ஷனுக்கு மேலும் ஒரு வரிக் குறிப்பு. போன கிழமை வரிசைப்படுத்தும் பகுதி வந்தது. ஸ்ட்ர்கம்ப் கொண்டு ஒப்பிட்டால் மாறன் முன்னால், மாலதி பின்னால். கபிலனுக்கு முன்னால் கனகா. பைட் வரிசை யுனிகோட் வரிசையைப் பின்பற்றும், யுனிகோடிலோ னகரம் நகரத்துக்கு அடுத்தும் றகரம் ரகரத்துக்கு அடுத்தும் இருக்கின்றன. நம்முடைய நெடுங்கணக்கில் அவை கடைசி இரண்டு.

எனவே 18 மெய்களுக்கும் தங்கள் கையாலேயே ஓர் இட எண் அட்டவணை எழுதி, அதைப் பார்த்து ஒப்பிடும் பங்ஷன் ஒன்றை, வரிசைப்படுத்தும் கியூசார்ட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மாலதி முன்னால் வந்துவிட்டாள். ஜ, ஷ, ஸ, ஹ நான்கையும் 18க்குப் பின்னால் வைக்க வேண்டும் என்கிறாள் தங்கச்சி. ஜகரத்தைச் சகரத்துக்குப் பக்கத்தில் வைத்தால்தான் ஆட்கள் தேடுவார்கள் என்கிறான் மருமகன். அட்டவணையில் அந்த நான்கு இடமும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. வெறுமை என்றால் சி மொழியில் அங்கே 0 இருக்கும், ஆகவே இப்போதைக்கு ஜெயந்தன்தான் பட்டியலில் முதல் ஆள்.